கருவிகளை அடுக்கினால் உருக்காலையில் எரிசக்தி மிச்சமாகாது: கும்பகோணம் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

கும்பகோணம் பக்கத்திலிருந்து மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "இரும்பு உருக்காலையில் எரிசக்தி அமைப்பை எப்படிச் சிறப்பாக வடிவமைப்பது என்பதை ப்ராஜெக்ட்டாக எடுத்திருக்கிறேன். எதைப் படித்தாலும் வீண் வெப்பத்தை மீட்கும் கருவிகளின் பட்டியல்தான் வருகிறது. எல்லாவற்றையும் பொருத்திவிட்டால் போதுமா? அதோடு நம் டெல்டாவில் உருக்காலையே இல்லையே, எங்கே போய்ப் பார்ப்பது?"

போதாது தம்பி. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் நல்ல கருவிதான். ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் வாங்கி வைத்திருக்கும் ஆலையிலும், ராத்திரி ஃப்ளேர் கோபுரத்தில் வாயு வீணாகக் கொழுந்துவிட்டு எரியும், அதே நேரத்தில் உருக்கைச் சூடாக்கி உருட்டும் ரோலிங் மில் வாசலில் ஃபர்னஸ் ஆயில் லாரி வரிசையில் நிற்கும். ஒருங்கிணைந்த உருக்காலை, அதாவது தாதுவிலிருந்து உருக்கு வரை எல்லாம் ஒரே இடத்தில் செய்யும் ஆலை ஒன்றின் எரிசக்திப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். அங்கே குறை கருவியில் இல்லை. வாயு கிடைக்கிற நேரத்துக்கும் தேவைப்படுகிற நேரத்துக்கும் பொருத்தமில்லை, கிடைக்கிற வாயுவின் தரத்துக்கும் உலை கேட்கிற தரத்துக்கும் பொருத்தமில்லை. இந்த இரண்டையும் பொருத்துவதுதான் டிசைன் வேலை, கருவி வாங்குவது அதற்குப் பிறகு வருகிற காரியம்.

டெல்டாக்காரருக்கு இதை விளக்குவது எளிது. இந்த வருடம் மேட்டூருக்கு மொத்தம் இத்தனை டி.எம்.சி. வந்தது என்று சொன்னால் கடைமடை விவசாயி அதை வைத்து என்ன செய்வார்? எந்த மாதம் வந்தது, குறுவைக்கு ஜூன் 12 அன்று திறந்தார்களா, முறை வைத்து விட்டபோது நம் வாய்க்காலில் தண்ணீர் ஏறியதா, மிச்சம் கொள்ளிடத்தில் கடலுக்குப் போனதா என்றுதான் கேட்பார். உருக்காலையின் வருடாந்தர எரிசக்தி அறிக்கையையும் அதே கண்ணோடு படியுங்கள்.

முதலில் வாயுக்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊதுலையிலிருந்து, அதாவது பிளாஸ்ட் ஃபர்னஸிலிருந்து வரும் பி.எஃப். கேஸ் ஒரு டன் சூடான இரும்புக்கு (ஊதுலையிலிருந்து உருகி வரும் இரும்பு) ஏறத்தாழ 1,500 முதல் 1,700 கன மீட்டர் வரும். அளவு பெரிது, சத்து குறைவு. பாதி நைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு கால் பங்கைத் தாண்டாது, கன மீட்டருக்கு 750 முதல் 900 கிலோகலோரி. நிலக்கரியைக் கோக்காக்கும் கோக் அடுப்பிலிருந்து வரும் வாயுவில் பாதிக்கு மேல் ஹைட்ரஜனும் கால் பங்கு மீத்தேனும் இருப்பதால் 4,000 கிலோகலோரிக்கு மேல் வரும், ஆனால் அளவு குறைவு. மூன்றாவது எல்.டி. கேஸ், உருகிய இரும்பை உருக்காக மாற்றும் கன்வெர்ட்டரில் ஆக்சிஜன் ஊதும்போது வருவது, 1,800 முதல் 2,000 கிலோகலோரி. இது விட்டு விட்டு வரும், கஷ்டம் கொடுப்பதும் இதுதான்.

ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். ஆண்டுக்கு 10 லட்சம் டன் ஆலை, வருடத்துக்கு 8,000 மணி நேரம் ஓட்டம் என்றால் மணிக்கு 125 டன் சூடான இரும்பு. பி.எஃப். கேஸ் மணிக்கு 2 லட்சம் கன மீட்டர், 800 கிலோகலோரி வீதம் 160 ஜிகாகலோரி, வெப்பமாகவே சொன்னால் 186 மெகாவாட். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே, ஊதுலைக்கே சூடான காற்று தருகிற ஸ்டவ்கள் எடுத்துக்கொள்ளும். மீதி 100 ஜிகாகலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை என்ன செய்வது? பெரும்பாலான மாணவர்கள் உடனே பாய்லர், டர்பைன், மின்சாரம் என்று எழுதிவிடுவார்கள்.

அவசரப்படாதீர்கள். ரோலிங் மில் உலை மணிக்கு 120 டன் இரும்பைச் சூடாக்குகிறது, டன்னுக்கு 0.3 ஜிகாகலோரி, ஆக மணிக்கு 36 ஜிகாகலோரி வேண்டும். அதை எண்ணெயில் ஓட்டினால் மணிக்கு சுமார் 3.6 டன் ஃபர்னஸ் ஆயில். கணக்குக்காக டன் 45,000 ரூபாய் என்று வைத்தால் 1 லட்சத்து 62 ஆயிரம் ரூபாய். அதே 36 ஜிகாகலோரி வாயுவை 33 சதவீதத் திறனுள்ள பாய்லர் டர்பைனில் போட்டால் கிடைப்பது மணிக்கு 13.8 மெகாவாட் மணி, யூனிட் 7 ரூபாய் என்றால் 97 ஆயிரம் ரூபாய் கூட வராது. மெலிந்த வாயு என்பதால் உலைக்குப் பத்து சதவீதம் கூடுதலாகவே தேவைப்பட்டாலும் விடை மாறாது. வெப்பம் கேட்கிற இடத்துக்கு வாயுவை வெப்பமாகவே கொடுங்கள், அது போக மிஞ்சியதை மின்சாரம் ஆக்குங்கள். விலைகள் மாறும்போது இந்தக் கணக்கைத் திரும்பப் போடத்தான் வேண்டும், ஆனால் விலை எவ்வளவு புரண்டால் முடிவு புரளும் என்று ப்ராஜெக்ட்டிலேயே காட்டினால் தேர்வாளர் நிச்சயம் கவனிப்பார்.

இங்கேதான் தரம் குறுக்கே வருகிறது. பி.எஃப். கேஸைத் தனியாகச் சாதாரண காற்றில் எரித்தால் சுவாலையின் வெப்பநிலை ஏறக்குறைய 1,300 டிகிரியோடு நின்றுவிடும், இரும்பை 1,200க்கு மேல் சூடாக்க அது உதவாது. ஒன்று, கோக் அடுப்பு வாயுவைக் கலக்க வேண்டும். கலவை 2,000 கிலோகலோரி வர வேண்டுமானால் 35 சதவீதம் கோக் அடுப்பு வாயு, மீதி பி.எஃப். கேஸ், நீங்களே போட்டுப் பார்க்கலாம். இல்லை, வாயுவையும் காற்றையும் சேர்த்தே முன்கூட்டிச் சூடாக்கும் ரீஜெனரேட்டிவ் பர்னர் போட வேண்டும். இரண்டாவது வழிக்கு முதலீடு அதிகம், ஆனால் அருமையான கோக் அடுப்பு வாயு வேறு வேலைக்கு விடுதலையாகிறது. எது மேல் என்பதை அந்த விடுதலையான வாயுவுக்கு ஆலையில் என்ன வேலை இருக்கிறது என்பதே தீர்மானிக்கும்.

இந்தக் கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பட்டியல் கட்டுரைகள் தவறவிடுவது இதைத்தான். ஸ்டவ்வின் புகைபோக்கி வெப்பத்தை மீட்டு அதன் வாயுச் செலவைக் குறைக்கிறீர்கள். சரி, மிச்சமான பி.எஃப். கேஸ் எங்கே போகும்? பாய்லர் ஏற்கெனவே முழு அளவில் ஓடினால் ஃப்ளேருக்குத்தான் போகும். கோக்கைத் தண்ணீர் ஊற்றி அணைப்பதற்குப் பதில் நைட்ரஜனால் உலர் முறையில் குளிர்விக்கும் சி.டி.கியூ. போடுகிறீர்கள், 1,000 டிகிரி கோக்கிலிருந்து டன்னுக்கு அரை டன்னுக்குக் கிட்டத்தட்ட நீராவி கிடைக்கிறது, அற்புதமான விஷயம். ஆனால் அந்த நீராவி ஹெடர் எனும் பொது நீராவிக் குழாய்க்குள் நுழைந்ததும் பழைய பாய்லர்கள் சுருதியைக் குறைத்துக்கொள்ளும், அவை எரித்துக்கொண்டிருந்த பி.எஃப். கேஸ் அத்தனையும் வெளியே நிற்கும். டர்பைன் கொள்ளளவையும் சேர்த்துக் கூட்டாவிட்டால் சி.டி.கியூ. போட்ட ஆலையில் ஃப்ளேர் முன்பைவிட உயரமாக எரியும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு திட்டமும் மூன்று வருடத்தில் போட்ட பணத்தை எடுத்துவிடும் என்று அறிக்கை சொல்லும். ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒன்றின் லாபத்தை இன்னொன்று தின்றுவிடும். அதனால்தான் முழு ஆலையையும் ஒரே கணக்கில் கட்ட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஊதுலை மேலழுத்தத்தில் ஓடும் டி.ஆர்.டி. டர்பைன் இதற்கு ஒரு விதிவிலக்கு. வாயுவை எரிக்காமல் அதன் அழுத்தத்தில் மட்டும் டன்னுக்கு 30, 40 யூனிட் எடுக்கிறது, வாயு அப்படியே கீழே கிடைக்கிறது. மேலழுத்தம் போதுமான அளவு இருந்தால் யோசிக்காமல் போடலாம்.

இனி எல்.டி. கேஸ். ஒரு கன்வெர்ட்டர், மணிக்கு ஒரு ஹீட் (ஒரு தடவை உருக்கு செய்வது), ஹீட்டுக்கு 130 டன் என்று கொள்வோம். டன்னுக்கு 100 கன மீட்டர் வீதம் 13,000 கன மீட்டர் வாயு. ஊதுவது பதினைந்து, பதினேழு நிமிடம்தான், அதிலும் தொடக்கத்திலும் முடிவிலும் கார்பன் மோனாக்சைடு குறைவாக இருக்கும், ஆக்சிஜன் கலந்திருக்கும் அபாயமும் உண்டு, எனவே நடுவில் உள்ள பதினோரு நிமிடத்தைத்தான் பிடிக்கிறோம். அதாவது மணிக்கு 70,000 கன மீட்டர் வேகத்தில் பதினோரு நிமிடம் கொட்டிவிட்டு மீதி நாற்பத்தொன்பது நிமிடம் சும்மா இருக்கிறது. செலவு சீராக மணிக்கு 13,000 என்றால் வாயுவைச் சேர்த்து வைக்கும் ஹோல்டரில் குறைந்தது 10,600 கன மீட்டர் இடம் வேண்டும். இந்த எண்ணை அப்படியே எழுதிவிடாதீர்கள். இது 0 டிகிரி உலர்ந்த வாயுவின் கணக்கு. ஹோல்டருக்குள் வாயு 60 டிகிரியில் ஈரம் நிறைந்து வந்தால் ஒன்றரை மடங்கு இடம் பிடிக்கும், ஆக 16,000. அதற்கு மேல் பாதுகாப்புக்காக மேலும் கீழும் விடும் இடம், இரண்டு கன்வெர்ட்டர் ஒரே நேரத்தில் ஊதினால் தேவைப்படும் இடம், ரோலிங் மில் திடீரென்று ஒரு மணி நேரம் நின்றால் தேவைப்படும் இடம். இதெல்லாம் சேர்ந்தால் முதலில் போட்ட கணக்கின் மூன்று, நான்கு மடங்கு ஆகிவிடும். வருடச் சராசரி தெரிந்த ஒருவர் இந்த ஹோல்டரை டிசைன் செய்யவே முடியாது, நிமிட வாரியான தரவு இல்லாமல் இதில் கை வைக்க வேண்டாம்.

பாய்லர் டர்பைன் பக்கம் என் கருத்து தெளிவானது: ஆலை முழுவதும் ஏறி இறங்கும் வாயுவை ஏதாவது ஒன்று தாங்கிக்கொள்ள வேண்டும், அந்த வேலை பாய்லருடையது. எனவே பாய்லரின் உச்சத் திறனைவிட அது எவ்வளவு தாழ்வாக நிலையாக ஓடும், நிமிடத்துக்கு எவ்வளவு ஏறும் இறங்கும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஒரே பெரிய டர்பைன் தாளில் ஒன்றிரண்டு சதவீதம் திறன் கூடுதலாகக் காட்டும். உற்பத்தி 70 சதவீதத்துக்கு இறங்கும் மாதங்களில் அதுவே உங்களைக் கட்டிப்போடும். நடுத்தரமாக இரண்டு வைப்பது பெரும்பாலும் நல்லது. டர்பைன் கண்டென்சருக்குக் கூலிங் டவர் போடும்போது ஊரின் ஈரக்குமிழ் வெப்பநிலையை, அதாவது காற்றின் ஈரத்தையும் கணக்கில் எடுக்கும் வெப்பநிலையைப் பாருங்கள். நம் நாகை, காரைக்கால் கடற்கரையில் அது 27, 28 டிகிரி வரை போகும், வறண்ட ஊருக்குப் போட்ட வெற்றிடக் கணக்கை இங்கே கொண்டுவந்தால் மின் உற்பத்தி தாளில் உள்ளபடி வராது.

நீராவியில் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன், இதை டெல்டாவிலேயே பார்க்கலாம். தஞ்சை, திருவாரூர் பக்கம் நவீன அரிசி ஆலை எதற்குள்ளாவது போங்கள். உமி பாய்லர் பத்து கிலோ அழுத்தத்தில் நீராவி எழுப்பும், நெல் அவிக்க இரண்டு மூன்று கிலோ போதும், இடையில் ஒரு வால்வு அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும். அந்த வால்வில் வெப்பம் போகவில்லை, வேலை செய்யும் திறன் போகிறது. அந்த இடத்தில் ஒரு பேக் பிரஷர் டர்பைன் வைத்தால் அவிப்பும் நடக்கும், கொஞ்சம் மின்சாரமும் வரும். உருக்காலையில் இதே வால்வு பல மடங்கு பெரிதாக, பல இடங்களில் இருக்கிறது. எக்சர்ஜி, அதாவது இந்த வேலை செய்யும் திறன் பற்றிய பாடத்தைப் புத்தகத்தில் படித்துக் குழம்பியிருந்தால் அந்த வால்வின் முன் போய் நின்று பாருங்கள்.

கணக்கு மாடலுக்கு வருவோம். 1970களின் இறுதியில் போடோ லின்ஹாஃப் போன்றவர்கள் வளர்த்தெடுத்த, எந்தச் சூடான ஓட்டத்தின் வெப்பத்தை எந்தக் குளிர்ந்த ஓட்டத்துக்குக் கொடுக்கலாம் என்று கணக்கிடும் பிஞ்ச் ஆய்வைப் பலரும் பரிந்துரைப்பார்கள். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, ரசாயன ஆலை இவற்றுக்கு அது பிரமாதம். உருக்காலையில் வெப்பம் கோக், சின்டர் (கட்டியாகச் சுட்ட தாதுத் தூள்), கசடு, பில்லட் (வார்த்த உருக்குக் கட்டை) என்று திடப்பொருளில் உட்கார்ந்திருக்கிறது, தவணை தவணையாக வருகிறது, எனவே பிஞ்ச் ஒரு மேல் எல்லையைக் காட்டும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். எம்.ஐ.எல்.பி. எனப்படும் கலப்பு முழுஎண் நேரியல் மாடல்தான் உங்களுக்குச் சரி. எந்தக் கருவியை வைப்பது என்பது ஆம் இல்லை மாறி, எவ்வளவு பெரிது என்பது ஒரு மாறி, ஒவ்வொரு நேரத் துண்டிலும் எந்த வாயு எங்கே எவ்வளவு போகிறது என்பது மீதி மாறிகள். கட்டுப்பாடுகளில் ஒவ்வொரு பர்னரும் ஏற்கும் கலோரி வரம்பு, ஹோல்டர் மட்டம், பாய்லரின் குறைந்தபட்சச் சுமை, மின்வாரியத்தோடு ஒப்பந்தம் செய்த உச்ச மின்தேவை (டிமாண்ட்), உச்ச நேரக் கூடுதல் கட்டணம் எல்லாம் வர வேண்டும். வருடம் முழுவதையும் போட்டால் கணினி திணறும், எனவே சாதாரண நாள், ஊதுலை பராமரிப்பு நாள், மில் நின்ற நாள், உற்பத்தி குறைந்த நாள் என்று மாதிரி நாட்களை எடுத்து, அவை வருடத்தில் எத்தனை முறை வரும் என்ற எடையோடு போடுங்கள். மணி வாரியாக அளவைத் தீர்மானித்துவிட்டு, அப்புறம் அந்த விடையை நிமிட வாரியாக ஓட்டிப் பார்த்து ஃப்ளேர் எவ்வளவு என்று சோதியுங்கள். பைத்தானில் பையோமோ, அதோடு ஹைஸ் என்ற இலவச சால்வர் போதும், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்.

குறைக்க வேண்டியது ஆண்டுச் செலவு. திறனை இலக்காக வைத்தால் யாரும் கட்ட முடியாத ஆலை கிடைக்கும். கூடவே கரியமில வாயுவை இரண்டாவது அச்சில் போடுங்கள், ஏனென்றால் அதற்கும் இப்போது விலை வரத் தொடங்கிவிட்டது. 2012-ல் தொடங்கிய மத்திய அரசின் பேட் திட்டம் ஆலைகளின் எரிசக்திச் செலவுக்கு இலக்கு வைத்தது, 2023-ல் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் அறிவிக்கப்பட்டது, 2024 டிசம்பரில் மத்திய உருக்கு அமைச்சகம் ஒரு டன் உருக்குக்கு 2.2 டன்னுக்குக் குறைவாக வெளியேற்றினால்தான் பசுமை உருக்கு என்று வரையறுத்தது. நம் ஒருங்கிணைந்த ஆலைகள் டன்னுக்கு 6 முதல் 6.5 ஜிகாகலோரி செலவழிக்கின்றன, உலகின் நல்ல ஆலைகள் 4.5 முதல் 5. இந்த இடைவெளியில் ஒரு பகுதி நம் நிலக்கரியின் சாம்பலாலும் தாதுவின் அலுமினாவாலும் வருவது, அதை டிசைனால் முழுதும் ஒழிக்க முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் மிச்சம் பிடிக்கவே கூடாது. பி.எஃப். கேஸுக்கு மணமில்லை, அதில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். 2014 ஜூனில் பிலாய் உருக்காலையில் அந்த வாயு கசிந்து 6 பேர் இறந்தார்கள். வாயுவைக் கழுவும் தண்ணீர்ப் பம்புகள், குழாய்களில் வாயுவைத் தடுத்து நிறுத்தும் நீர்த்தடைகள் இவை எரிசக்தி தணிக்கையில் "பம்ப் செலவு அதிகம்" என்ற வரியாகத் தெரியும். அங்கே அழுத்தத்தைக் குறைத்து யூனிட் மிச்சம் பிடிக்கும் யோசனையை எழுதாதீர்கள், மாடலில் அவற்றை மாறாத தேவையாகவே வையுங்கள். ஊதுலைக்குக் காற்று தரும் ப்ளோயரும் அப்படித்தான், ஒரு பாய்லர் விழுந்தாலும் அதற்கு நீராவி நிற்கக் கூடாது.

சரி, எங்கே பார்ப்பது? 2020-ல் வந்த தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டப்படி டெல்டாவில் புதிதாக ஒருங்கிணைந்த உருக்காலையோ ஸ்பாஞ்ச் அயர்ன் ஆலையோ வர முடியாது. நெல் விளைகிற மண்ணில் அது சரியான முடிவு என்பதே என் கருத்து, உருக்காலைக்கு வேறு இடம் கிடைக்கும், இந்த வண்டலுக்கு வேறு இடம் கிடையாது. முழு ஆலையைப் பார்க்க வேண்டுமென்றால் இதே காவிரியில் மேலே போங்கள், மேட்டூருக்குப் பக்கம் பொட்டனேரியில் ஜே.எஸ்.டபிள்யூ.வின் சேலம் ஆலை ஊதுலையோடு ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் அளவில் இருக்கிறது. கல்லூரிக் கடிதத்தோடு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். டெல்டாவின் தலைப்பில் திருச்சி திருவெறும்பூரில் பி.எச்.இ.எல். இருக்கிறது, பி.எஃப். கேஸில் எரியும் பாய்லர்களை உருக்காலைகளுக்குச் செய்துகொடுத்த நிறுவனம். அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள், அவர்களோடு ஒரு மாலை பேசுவது நல்ல பலன் தரும்.

தினமும் போய்வரக் கூடிய இடம் காரைக்கால். புதுச்சேரி நிர்வாகம் என்பதால் தமிழ்நாட்டுச் சட்டம் அங்கே வராது, பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலைகள் உண்டு. சிறிய ஆலை என்று ஒதுக்காதீர்கள், நேரப் பொருத்தம் என்ற பாடத்தை அங்கே வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். இண்டக்‌ஷன் உலையில் உருக்கி வார்த்த பில்லட்டை முற்றத்தில் ஆறப் போட்டுவிட்டு, மறுநாள் அதையே எண்ணெய் எரித்து 1,150 டிகிரிக்குச் சூடாக்கும் ஆலை இருந்தால் அங்கே உங்கள் ப்ராஜெக்ட் காத்திருக்கிறது. அந்தச் சூட்டுக்கு டன்னுக்கு ஏறத்தாழ 0.19 ஜிகாகலோரி போதும், சிறிய உலைகள் 0.35 முதல் 0.45 வரை எரிக்கும். பில்லட் 600 டிகிரியில் உலைக்குள் போனால் தேவையான வெப்பத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. பிறகு புகையின் வெப்பத்தால் காற்றைச் சூடாக்கும் ரெக்யூபரேட்டர், எரிக்கும் காற்றை 20 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் எரிபொருளில் ஒரு சதவீதம் மிச்சம் என்பது நடைமுறைக் கணக்கு. புகையில் ஆக்சிஜன் 2, 3 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்ப்பதற்கு ஒரு அளவுமானி போதும். இதில் எரிபொருளைவிடப் பெரிய பணம் ஒளிந்திருக்கிறது: காற்று அதிகமானால் இரும்பு செதிலாக உதிரும். செதில் ஒரு சதவீதம் குறைந்தால் டன்னுக்கு 10 கிலோ கம்பி, கிலோ 45 ரூபாய் வைத்தாலும் 450 ரூபாய். எண்ணெயில் பத்து சதவீதம் மிச்சம் பிடித்தால் கூட டன்னுக்கு 180 ரூபாய்தான் தேறும். முதலாளியிடம் பேசும்போது செதிலிலிருந்து தொடங்குங்கள், கதவு திறக்கும்.

அங்கே போனால் மாதாந்தர மின்கட்டண ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். ஒவ்வொரு ஹீட்டும் தொடங்கிய நேரம், வார்த்து முடிந்த நேரம், உலைக்குள் பில்லட் போன நேரம், அப்போது அதன் வெப்பநிலை, மில் நின்ற நேரமும் காரணமும். இந்த ஐந்தும் தொடர்ந்து ஒரு வாரத்துக்குக் கிடைத்தால் மாடல் போட அதுவே தாராளம். ஷிஃப்ட் போர்மேன் கையில் இருக்கும் லாக் புத்தகத்தில் பெரும்பாலும் இவையெல்லாம் இருக்கும், பில்லட் வெப்பநிலை மட்டும் இருக்காது, அதற்கு ஒரு பைரோமீட்டரைக் கல்லூரி லேபிலிருந்து எடுத்துப் போங்கள்.